விளக்குக்காரி வீட்டு முட்டை

குஞ்சு பொரிப்பகத்தில் அவளை எல்லாரும் விளக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். இருட்டறையில் ஒரு விளக்கின் மேல் முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது அவள் வேலை. கருப் பிடித்த முட்டையில் சிவப்பாக நரம்பு ஓடும். அது திரும்பவும் சூட்டுப் பெட்டிக்குப் போகும். நரம்பு ஓடாதது கழிவுக்கூடைக்கு. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கண்ணிலிருந்து ஒன்றுகூடத் தப்பாது.

அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டில் முட்டை என்ற பேச்சே ஆகாது. கூடையில் எப்போதாவது ஒன்று அழுகி வெடிக்கும். அந்த நாற்றம் எத்தனை முறை கை கழுவினாலும் போகாது, சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூடவே வரும். அடைக்கு வைக்க ஆகாத சின்ன முட்டை, கோணல் முட்டைகளை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நல்ல முட்டைதான், அளவுதான் சரியில்லை. தன் பங்கை அவள் பக்கத்து வீட்டுத் தையலக்காவுக்குக் கொடுத்துவிடுவாள். பதிலுக்குத் தையலக்கா பகல் முழுக்க அவள் மகனைப் பார்த்துக்கொள்வாள்.

"இவனுக்கும் ஒண்ணு அவிச்சுக் கொடுக்கட்டுமா?" என்று தையலக்கா கேட்காமல் இல்லை.

"வேண்டாம்க்கா. கஞ்சி வச்சுட்டுப் போறேன், அது போதும். வாயில முட்டை வாசனையோட வந்து மேல விழுந்தான்னா எனக்குக் குடலைப் புரட்டிடும்."

மகனைப் பொடியன் என்பார்கள். கஞ்சியை வயிறு முட்டக் குடிப்பான், தூங்குவான், எழுந்து மூலையில் உட்கார்ந்திருப்பான். அழவே மாட்டான். தங்கமான பிள்ளை என்று தெருவே மெச்சியது. ஒன்றரை வயதாகியும் சுவரைப் பிடித்துக்கூட நிற்கவில்லை. அதே மாதம் பிறந்த தையலக்காவின் மகள் குண்டு, தையல் மிஷினின் மிதியில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

இதில் யாருக்கும் கவலை இல்லை. காரணம்தான் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்ததே. பொடியனின் அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர். மற்றவர்கள் தரையில் நின்று பூசுகிற இடத்துக்கு அவருக்கு இரண்டு படி வேண்டும். அதனால் ஏணி என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. "அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்" என்பார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்தப் பெருமையில் மண்ணள்ளிப் போட்டவள் நர்ஸம்மா. வீடு வீடாகக் குழந்தைகளை அளக்க வந்தவள், தையலக்கா வீட்டில் இரண்டு பேரையும் பலகையில் படுக்கவைத்து அளந்தாள். பொடியனை மட்டும் மறுபடியும் அளந்தாள். விளக்குக்காரி வேலை முடிந்து வரும்வரை இடத்தை விட்டு அசையவில்லை. அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே இவள் கைப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"இது அப்பா உயரம்னு விட்டுடாதீங்கம்மா. பிள்ளைக்கு வயிறு நிறையுது, உடம்புல எதுவும் சேரல. இப்படியே போனா உயரம் மட்டும் இல்ல, பேச்சு, படிப்பு எல்லாமே பின்தங்கும். இந்த வயசு போயிட்டா அப்புறம் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"என்ன மருந்து கொடுக்கணும்?"

"மருந்து இல்ல, சாப்பாடுதான். வெறும் கஞ்சியை நம்பாதீங்க. பருப்பு, கீரை, பால், சின்ன மீன், கிடைக்கிறதைச் சேத்துக் கொடுங்க. தினம் ஒரு முட்டை கொடுங்க."

விளக்குக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை தேய்கிறான் என்று தலையில் குண்டைத் தூக்கிப் போட்டவள், ஒரு ஊசியோ டானிக்கோ தருவாள் என்று பார்த்தால் முட்டை என்கிறாள். போயும் போயும் முட்டை.

மறுநாள் இருட்டறையில் அதே எரிச்சலோடு விளக்கின் முன்னால் உட்கார்ந்தாள். முதல் முட்டையை வைத்தாள். சிவப்பு நரம்பு ஓடியது, நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. எத்தனையோ வருஷமாகப் பார்ப்பதுதான். ஆனால் அன்று கை நகரவில்லை. அந்தப் பொட்டு ஒரு கண். அதன் பக்கத்தில் துடிப்பது இதயம். போன வாரம் இது மஞ்சளும் வெள்ளையுமாகக் கலங்கிக் கிடந்த ஒரு குழம்பு. சூட்டையும் காற்றையும் தவிர வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. ஒரு பருக்கை போகவில்லை, ஒரு சொட்டுப் பால் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் இதற்குள்ளிருந்து எலும்பும் அலகும் நகமும் இறகுமாக ஒரு முழு உயிர் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து நிற்கும். அவ்வளவையும் கட்டி எழுப்பத் தேவையானதெல்லாம் இந்த உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கிறது.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைத்தானே பை பையாகக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் கொடுத்தோம், என் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தோம் என்று நினைத்தபோது கண்ணில் நீர் கோத்து, நரம்பே தெரியவில்லை.

"என்ன, தூக்கமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"இல்ல சார், பாத்துட்டேதான் இருக்கேன்."

அன்று மாலை முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு முட்டையை நன்றாக அவித்தாள். மஞ்சள் கருவைக் கஞ்சியில் மசித்து ஊட்டினாள். பொடியன் அதை அவள் முகத்திலேயே துப்பினான். வாசனை தாங்காமல் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள், மறுபடி கரண்டியை எடுத்தாள். அவனா அவளா என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டு நடந்தது. கடைசியில் அவன் விழுங்கினான். பகலில் பருப்பும் கீரையும் தையலக்கா பொறுப்பு. விளக்குக்காரி போய்க் கேட்டபோது, "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சா?" என்று மட்டும்தான் திட்டினாள்.

முதலில் அவன் அழக் கற்றான். அதுவும் கரண்டி வரத் தாமதமானால் தெருவையே கூட்டுகிற அழுகை. அப்புறம் சுவரைப் பிடித்து நின்றான். ஒருநாள் குண்டுவின் முடியைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு, திருப்பியும் ஒன்று வைத்தான். விளக்குக்காரி பிள்ளையைக் கண்டிக்காமல் வாயைப் பிளந்து நின்றாள். விடுமுறை மதியங்களில் அவன் தூங்கும்போது கணுக்காலில் கை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் தட்டுப்படாது. ஆனால் அந்தத் தோலுக்கடியில், சத்தமே இல்லாமல், நேற்று தின்றது இன்று எலும்பாகிக்கொண்டிருக்கிறது. இங்கே வைத்துப் பார்க்க விளக்கு இல்லையே என்று ஏங்குவாள்.

மாதங்கள் கழித்து நர்ஸம்மா வந்தபோது ஏணியும் வீட்டில் இருந்தார். கையெல்லாம் காய்ந்த வண்ணம். பலகையில் பொடியனை அமுக்கிப் பிடிப்பதற்குள் மூன்று பேருக்கும் வேர்த்துவிட்டது.

"வயசுக்கு இன்னும் குறைச்சல்தான்," என்றாள் நர்ஸம்மா. "ஆனா நல்லா ஏறியிருக்கான். நான் நினைச்சதைவிட நல்லாவே."

விளக்குக்காரி சந்தோஷத்தில் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"நர்ஸம்மா, எங்க வீட்ல நாங்க ஏழு பிள்ளைங்க. எல்லாருக்கும் கஞ்சிதான், அதுவும் தண்ணியா. அப்போ நானும் குள்ளமா வளரப் பொறந்தவன் இல்லையோ?"

நர்ஸம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி நிமிர்ந்தாள். "இருக்கலாம். சிலருக்குப் பரம்பரையாவும் வரும். உங்க விஷயத்துல இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அவர் பலகையில் கிடந்த மகனைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

"இவன் என்னைவிட வளருவானா?"

"விடாம கொடுங்க. வளரலாம்."

"வளரட்டும்," என்றார் ஏணி. "நான் அண்ணாந்து பாத்துக்கறேன்."