ஈ வராத காளான் கொட்டகை

இன்று வண்டூர் பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் பார்வதி என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

நாங்கள் ஒரே கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து குடியேறியவர்கள். போன மாதம் மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரே பாட்டில் காளான் விதையைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரே நாளில் வைக்கோலில் போட்டோம்.

"ஒரே பரேஷான் அக்கா. கொட்டகை பூரா பொடி ஈ. காளானுக்குள்ள புழு குடையுது. உங்க வீட்ல?"

மூன்று நாளாக அவள் வீட்டுக் காளான் குழம்பு என் அடுப்பங்கரை வரை மணக்கிறது.

"என் கொட்டகையில ஒரு ஈ கிடையாது. சுத்தமா வெச்சுக்கணும்மா" என்றேன், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

முன் சீட்டில் இருந்த விவசாய இலாகாக்காரர் திரும்பினார்.

"ஒரு ஈ கூட இல்லையா? வைக்கோல்ல காளான் பிடிச்சாத்தான் அந்த வாசனைக்கு ஈ வரும். உங்களுக்கு ஒண்ணுமே முளைக்கலையாம்மா?"

"ஐயோ, சொல்லவே இல்லையே அக்கா! நான் ரெண்டு காளான் கொடுத்தனுப்பறேன்" என்றாள் பார்வதி.

இதுவரை அவள் காளான் மீதுதான் பொறாமை. இப்போது அவள் ஈ மீதும்.

இந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஈக்கு மருந்து தெரிந்தவர்கள் தயவுசெய்து பார்வதியிடம் வாய் திறக்காதீர்கள்.