தங்கைக்கு மட்டும் வைத்த ஸ்டேட்டஸ்

எங்கள் பிரிட்ஜ் மெக்கானிக்குக்கு ஊர் வாய் என்றால் பயம். வாட்ஸ்அப்பில் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கும். செய்தியைப் படித்தாலும் நீலக் குறிகூட வராது. ஊரார் பிரிட்ஜில் என்ன அழுகிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியலாம், அவரைப் பற்றி யாருக்கும் தெரியக்கூடாது.

அவருக்கு ஒரே தங்கை. வயிற்றுப் பிள்ளை தவறி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. ஏதோ பழைய மனஸ்தாபம், வீம்பு என்றுதான் எல்லோரும் பேசினோம். எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான். அதிலிருந்து அவள் பேசுவதில்லை.

அன்று காலை எங்கள் சமையலறையில் பிரிட்ஜைப் பிரித்துப் போட்டிருந்தார். வேலையில் மனம் இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றுவார், ஈரக் கையைச் சட்டையில் துடைப்பார், போனைத் திறப்பார். திடீரென்று முகம் வெளிறிப்போய் என்னிடம் நீட்டினார்.

"அக்கா, இந்த ஸ்டேட்டஸ் தங்கச்சிக்கு மட்டும் வச்சது. யார் யாரோ பாத்திருக்காங்க. அவ பேரக் காணோம்."

‘அன்னிக்கு நான் வராதது தப்பு. மன்னிச்சிடும்மா.’ நானும் காலையிலேயே படித்துவிட்டு, படிக்காதவள்போல நின்றிருந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பார்த்திருந்தார். அவருடைய மாமியார் பார்த்திருந்தார். ஒரு ஹோட்டல் முதலாளி அழுகிற பொம்மை அனுப்பியிருந்தார். ஸ்டேட்டஸ் யார் யாருக்குத் தெரியும் என்ற அமைப்பைத் திறந்து பார்த்தேன். ‘இவர்களுக்கு மட்டும்’ என்பதை விட்டுவிட்டு ‘இவர்களைத் தவிர’ என்பதில் தங்கையைப் போட்டிருக்கிறார், பாவி மனுஷன்.

அழித்துவிடுங்கள் என்றேன். விரலைக் கொண்டுபோனார், இழுத்துக்கொண்டார். அழித்தால் மறுபடி எழுதத் துணிச்சல் வராது என்றார். எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை.

போன் அடித்தது. தங்கை. புருஷன் போனில் பார்த்திருக்கிறாள். எடுக்கிற அவசரத்தில் அவர் விரல் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டது.

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க. எனக்கு மட்டும் தெரியக் கூடாதாண்ணா?"

"உனக்கு மட்டும்தாம்மா எழுதினேன்" என்று தொடங்கி, எந்த வரியைத் தொட்டார், எதை விட்டார் என்றெல்லாம் உளறினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஏன் வரல?"

நான் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"வந்தேம்மா. வார்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீ அழுதது கேட்டுச்சு. உள்ள வர தைரியம் இல்லாம திரும்பிட்டேன்."