நெப்டியூனில் ஒரு கைநாட்டு

நாகரத்தினம் அக்கா இறந்துவிட்ட செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. முதல் ஷிப்டு பஸ். பேக்கிங் பிரிவுப் பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் மடியில் பூவைக் கொட்டிக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அன்று யாரும் பூ எடுக்கவில்லை. "அக்கா போயிடுச்சு பாப்பா. சொந்த ஊரு வேப்பனப்பள்ளிக்கு எடுத்துக்கினு போறாங்களாம்," என்றாள் பக்கத்தில் இருந்த மல்லிகா. பஸ் கம்பெனி வாசலில் நின்றபோதும் எங்களில் பாதிப் பேர் இறங்கவில்லை. டிரைவர் அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் இன்னொரு செய்தி ஒட்டியிருந்தார்கள். அக்காவுக்கு இரங்கல் கூட்டம். தலைமை, பணியாளர் பிரிவு மேலாளரும் நமது அறிவியல் மன்றத்தின் தலைவருமான திரு. வரதராஜன். மல்லிகா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இவனா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மன்றத்தின் செயலாளர் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார். "நீதானம்மா கூடவே இருந்தே. நல்லதா ரெண்டு பக்கம் எழுது. அந்த விஷயம் மட்டும் வேண்டாம்," என்றார். அக்காவை அறிந்தவர்களுக்கு அந்த விஷயம் தெரியும். அவர் வரைந்த படங்களில் இன்றுவரை அவர் பெயர் இல்லை. வரதராஜன் பெயர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. எழுத வரும்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, ஜவளகிரியிலிருந்து ஓசூர் வந்து கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்த புதிதில், கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் மேசையிலும், மெஷின் ஓட்டுகிறவர்கள் மேசையிலும் எனக்கு இடம் இருப்பதாகத் தோன்றியதில்லை. ஒருநாள் அக்கா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "இயற்பியலாமே நீ? வாயேஜர் நெப்டியூன்கிட்டப் போச்சே, அப்புறம் எங்க போவுது?" என்று கேட்டார். எங்கேயும் நிற்காமல் சூரியக் குடும்பத்தை விட்டே போய்விடும் என்றேன். "திரும்பியே வராதா? நல்ல வேல. நானும் ஒருநாள் இந்த கேன்டீன வுட்டு அப்படித்தான் போவப் போறேன்," என்று சொல்லி என் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டார்.

அவருடைய அம்மாவும் அப்பாவும் மாந்தோப்பில் கூலி வேலை செய்தவர்கள். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றிலும் சண்டை போடத் தெரியும். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. வரைபடங்களை நகல் எடுக்கும் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டு இதழ்களைத் துழாவுவார். செவ்வாயில் இறங்கிய வைக்கிங், வியாழனைக் கடந்துபோன வாயேஜர்கள், வால்நட்சத்திரத்தின் புழுதிக்குள்ளேயே புகுந்துபோன ஐரோப்பியக் கலம் என்று அகப்பட்டதையெல்லாம் வாங்கி வந்து, சின்னக் கண்ணாடிச் சதுரங்களில் கையால் வரைந்து வண்ணம் தீட்டுவார். மன்றத்தின் புரொஜெக்டரில் அவற்றைப் போட்டு ஊர் ஊராகக் காட்டுவோம். அக்கா பேசுவார். நான் சிலைடு மாற்றுவேன். இருட்டில் நிற்கிற வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

நெப்டியூன் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கேற்ற நீலம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் ஃபிட்டர்களிடம் கிடைத்தது. இரும்புத் தளம் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் பூசுவார்களே, அந்த நீலப் பசை. அது காய்வதே இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து ஓரத்தில் டேப் ஒட்டினார். ஒட்டும்போது அவருடைய பெருவிரல் நீலத்தின் ஓரத்தில் பட்டுவிட்டது. ரேகையும், அதைக் குறுக்கே வெட்டிய பழைய தழும்பும் அப்படியே பதிந்துவிட்டன. அழித்து மறுபடி வரைய நேரமில்லை. சாயங்காலம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காட்சி. "இருந்துட்டுப் போவுது. எங்கம்மா ரேஷன் கடையில வெக்கிற கைநாட்ட நான் நெப்டியூன்ல வெச்சுட்டேன்," என்றார்.

பெங்களூரில் ஓர் அறிவியல் காட்சிக்கூடத்தில் கோள்களைப் பற்றிப் பெரிய திரையில் படம் காட்டப் போகிறார்கள், ஓவியர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, அக்கா தன் சிலைடுகளை அனுப்ப நினைத்தார். மன்றத் தலைவரின் பரிந்துரை வேண்டியிருந்தது. வரதராஜன் சார் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பிரமாதம் நாகரத்தினம். நான் பெங்களூர் போறேன், நானே நேர்ல கொடுத்துடறேன்," என்றார். அக்கா அவருக்கு வீட்டிலிருந்து ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

பல மாதம் பதில் இல்லை. காட்சி தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் நாங்கள் இருவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். திரையில் அக்காவின் வியாழன் வந்தது. நெருப்பைக் கக்கும் அதன் நிலா வந்தது. சிலைடுகளைப் படம் பிடித்துப் பெரிதாக்கியிருந்தார்கள். நெப்டியூன் வந்தபோது, அதன் ஓரத்தில் மாட்டுவண்டி அளவுக்கு அக்காவின் கைரேகை இருந்தது. தழும்பும் இருந்தது. "நெப்டியூனின் மெல்லிய வெண்மேகங்களை இங்கே காணலாம்," என்றது ஒலிபெருக்கி. நாங்கள் சத்தமில்லாமல் சிரித்தோம். கடைசியில் திரையில் எழுத்து வந்தது. படங்கள்: வரதராஜன்.

அக்கா நேராக அலுவலகத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். அங்கிருந்த குமாஸ்தா பொறுமையான மனிதர். கன்னடத்தில் விளக்கினார். படங்களைக் கொண்டுவந்தவரே தான் வரைந்ததாகச் சொன்னாராம். இவர்களும் அவரையே ஓவியராக வேலைக்கு வரச் சொன்னார்களாம். "அவருக்குப் பெரிய வேலை இருக்கிறதாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு ஒருவரை எடுத்துவிட்டோம்." அக்கா மேசையிலிருந்த முத்திரை மையில் பெருவிரலைத் தேய்த்து, குமாஸ்தாவின் மேசைமேல் அழுத்தினார். "இதைக் கொண்டுபோய் உங்கள் மேகத்தோடு வைத்துப் பாருங்கள்," என்றார். குமாஸ்தா ஆளைக் கூப்பிட்டு எங்களை வெளியே அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அழவில்லை. "அவனுக்குத் தேவையே இல்லாத வேலடி அது," என்று மட்டும் சொன்னார். பிறகு எல்லை தாண்டும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஓசூரில் இறங்கும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

எல்லாப் படங்களையும் மறுபடி வரைந்தார். மன்றத்தை விட்டு விலகி, சீட்டுப் பணத்தில் ஒரு பழைய புரொஜெக்டர் வாங்கினார். இந்தத் தொகுப்பின் கடைசியில் புதிதாக ஒரு சிலைடு சேர்ந்திருந்தது. அது வரதராஜன் சாரின் முகம். கோட்டு, கண்ணாடி, வகிடு எல்லாம் அழகாக வரைந்திருந்தார். கேலியாக வரைந்திருக்கலாமே அக்கா என்றேன். "கேலியா வரைஞ்சா சிரிச்சுட்டு மறந்துடுவாங்க. முகம் ஞாபகம் இருக்கணும்," என்றார்.

இதைப் படிப்பவர்களில் பலர் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கோள்கள் முடிந்ததும் அக்கா தொண்டையைச் செருமிக்கொள்வார். "இதுவரைக்கும் பாத்த எதுக்கும் சொந்த வெளிச்சம் கெடையாது. சூரியன்கிட்ட வாங்கித்தான் மினுக்குது. சூரியன் கோவிச்சுக்காது. நான் கோவிச்சுப்பேன். இவர் பேரு வரதராஜன்." பிறகு நடந்ததைச் சொல்வார், ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல். வேப்பனப்பள்ளி, தளி, அஞ்செட்டி என்று நாங்கள் போகாத ஊர் இல்லை. இரண்டாம் முறை போகிற ஊர்களில் பிள்ளைகள் சனி வளையத்தைக்கூடப் பொறுமையாகப் பார்க்க மாட்டார்கள். "திருடனக் காட்டுக்கா!" என்று கத்துவார்கள். "இரு, திருடனுக்கு முன்னாடி இன்னும் மூணு கோள் இருக்குது," என்பார் அக்கா.

ஒருமுறை வேப்பனப்பள்ளிப் பக்கம் பயிற்சித் தொழிலாளர் எடுக்க வரதராஜன் சார் ஜீப்பில் போயிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் "நெப்டியூன் திருடன்!" என்று ஜீப்பின் பின்னாலேயே ஊர் எல்லைவரை ஓடினார்களாம். அடுத்த வாரம் அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு நின்றது. மல்லிகா பயந்துபோய், "விட்டுடுக்கா, பெரிய எடத்து விவகாரம்," என்றாள். அக்கா சிரித்தார். "என்னாத்துக்கு வுடணும்? இங்க அட்டைப்பெட்டி நல்லாக் கெடைக்குது. சிலைடு வெக்க எனக்கு எடமில்லாம இருந்துச்சு."

வயிற்றில் புற்று என்று தெரிந்த பிறகும் வரைவதை நிறுத்தவில்லை. வியாழனைச் சுற்றிக்கொண்டிருக்கும் கலிலியோ கலத்தின் குடை போன்ற ஆன்டெனா விரியாமல் போனதைச் சொல்லி, "குடை விரியலன்னு அது வேலைய வுட்டுச்சா பாரு," என்பார். இந்த ஆண்டு செவ்வாயில் இறங்கப் போகும் கலத்தைப் பலூன்களுக்குள் சுருட்டிய பந்தாக வரைந்தார். "குதிச்சுக் குதிச்சுத்தான் நிக்குமாம். உள்ள சின்ன வண்டி ஒண்ணு உக்காந்திருக்குதாம்." சனிக்குப் புறப்படத் தயாராகும் கலம் போய்ச் சேரவே ஏழு வருஷம் ஆகும் என்று நான் சொன்னபோது மட்டும் தூரிகையைக் கீழே வைத்தார். "நீ பாத்துக்க," என்றார்.

கடைசி மாதத்தில் வரதராஜன் சார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிள் பழங்களோடு வந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

"நாகரத்தினம், பழசெல்லாம் மறந்துடலாமே. நானும் ரிட்டயர் ஆகப் போறேன். பேரன் பேத்தி இருக்காங்க. அந்த ஒரு சிலைட மட்டும் உடைச்சுட்டா..."

"பெங்களூர்ல என் பேரப் போட்டுட்டீங்களா சார்?"

"திரையில இப்ப மாத்த முடியாதும்மா. நோட்டீஸ் அடிக்கும்போது 'உதவி'ன்னு உன் பேரச் சேர்க்கச் சொல்றேன்."

"உதவி," என்று அக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சரி சார். நீங்க ஆப்பிள வெச்சுட்டுப் போங்க. நான் சிலைட வெச்சுட்டுப் போறேன்."

அவர் போன பிறகு, மன்னித்துவிட்டால் மனசு லேசாகும் என்கிறார்களே என்று மெதுவாகக் கேட்டேன். அக்கா கண்ணை மூடியிருந்தார். "லேசாயிட்டு என்ன பண்றது? மிதக்கறதுக்கு நான் என்ன ராக்கெட்ல போறவளா? எனக்குக் கனமாவே இருக்கட்டும் பாப்பா." ஆப்பிள்களை வார்டு ஆயாவிடம் கொடுக்கச் சொன்னார்.

இரங்கல் கூட்டத்தில் வரதராஜன் சார் அவரைப் பற்றி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கலை ஆர்வம், கடின உழைப்பு, ஈடு செய்ய முடியாத இழப்பு. சொல்லட்டும். செயலாளர் அண்ணா, இந்தப் பக்கங்களை மலரில் போடாவிட்டால் நகல் எடுத்துக் கூட்டத்து வாசலில் நின்று கொடுப்பேன். பேக்கிங் பிரிவுப் பெண்கள் ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பகை. அவர் போன பிறகு அது தானாகத் தீர்ந்துவிடும் என்று சார் நினைத்திருக்கலாம். போன ஞாயிறு நாட்றாம்பாளையத்தில் நானே காட்சி நடத்தினேன். சிலைடு மாற்ற மல்லிகா வந்தாள். முதல் நான்கு கோள்களுக்கு என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் "சத்தமா, சத்தமா" என்றார்கள். கடைசிப் படம் வந்தபோது அவர்கள் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெயரைச் சொன்னேன். செய்ததைச் சொன்னேன். வரைந்தவர் பெயர் நாகரத்தினம் என்றும், அவர் இப்போது இல்லை என்றும் சொன்னேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார்.

"இந்த ஆளு?"

"இருக்கார்."

"நல்லா இருக்கானா?"

"நல்லாத்தான் இருக்கார்."

"அப்ப இன்னொரு தடவ காட்டு," என்றார்.