சம்பந்தி வீட்டில் அப்பா

அப்பாவுக்கு ஒரு முதியோர் இல்லம் பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவானது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு. நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் அமில பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா போன் செய்தார்.

"ஒங்க அப்பா தெருவுல எல்லா வீட்டு ஃபியூஸ் கட்டையையும் புடுங்கிட்டாரு. ஏழு வீட்ல கரண்ட் இல்ல. கேட்டா, மேல ஆளு ஏறியிருக்கு, தர முடியாதுங்கிறாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. மறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. நேற்று சாப்பிட்டது நினைவில் இருக்காது. மழைக்காலத்தில் கம்பத்தில் ஆள் நிற்கும்போது யாரும் கரண்ட் கொடுத்துவிடக் கூடாது என்பது நினைவில் இருக்கும்.

எங்கள் வீடு இருக்கும் திருக்கோகர்ணத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது. வாசலில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு விரித்து, ஏழு ஃபியூஸ் கட்டைகளையும் வரிசையாக அடுக்கியிருந்தார். அடுக்கி வைக்கும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் அன்று தீர்ந்திருக்கும்.

"குடுங்கப்பா."

"ஆளு எறங்கட்டும்."

கம்பத்தில் ஆள் இல்லை, காக்கைதான் இருந்தது. கடைசியில் எதிர்வீட்டு அக்காவின் கணவர் ஓர் ஏணியைக் கொண்டு வந்து கம்பத்தில் சாத்தி, நான்கு படி ஏறி, இறங்கி வந்து, "வேலை முடிஞ்சுதுங்க சார்" என்றார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "கையுறை எங்க?" என்று கேட்டுக் கண்டித்துவிட்டு, கட்டைகளைத் தந்தார்.

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வந்த அம்மா மறுநாளே நின்றுவிட்டார். "எனக்குக் கரண்ட்டுன்னா பயம் டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை, ஆய்வக உதவியாளர். ஆறு மாதமாகத் திருத்தியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு நிமிடம்கூடக் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் உள்ள இடம் வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, திருமணம் ஆகவில்லை, ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருக்கும் தம்பி, "நீ பாத்தா சரியா இருக்கும்க்கா" என்றான். அவன் பங்கு அத்துடன் முடிந்தது.

உடன் வேலை பார்ப்பவர்கள் எளிய வழி ஒன்று சொன்னார்கள். கோயிலுக்குப் போகிறோம் என்று கூட்டிக்கொண்டு போய், அவர் அசந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்துவிட வேண்டுமாம்; எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். என்னால் அது முடியாது என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். அப்பா இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இருக்கிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் சம்பளமில்லா விடுப்பு போட வேண்டியதுதான்.

ஐம்பது கேள்விகள் தயாரித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். குளியலறைத் தரை வழுக்குமா (சொல்லக் கேட்கக் கூடாது, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்). மணி அடித்தால் ஆள் வர எத்தனை நிமிடம். மாத்திரையை எண்ணிக் கொடுப்பது யார். முப்பத்தோராவது கேள்வி: வயதானவர்களிடம் உண்மையைச் சொல்வார்களா.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, கார் சொல்லி, போகும் இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பை ஆப்பிளும் வாங்கினேன். தவறு அங்கேதான் நடந்தது. அப்பா பழப் பையைப் பார்த்தார். என் பட்டுப்புடவையைப் பார்த்தார். (அது பட்டு இல்லை, ஆனால் கரை அகலம்.) காருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளை எந்த ஊரு?"

என் இருபத்திரண்டு வயதிலிருந்து முப்பத்தொன்று வரை அப்பா எனக்குப் பதினான்கு மாப்பிள்ளை வீடுகள் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சட்டை, பழப் பை. பதினான்கையும் அவரே தட்டிக்கழித்தார். காரணங்கள் என் பழைய நாட்குறிப்புகளில் இருக்கின்றன. ஒரு வீட்டில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்தார்கள். ஒரு வீட்டில் எர்த் கம்பியைக் கிணற்றுக் குழாயில் கட்டியிருந்தார்கள். ஒரு மாப்பிள்ளை ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டார். "ஆறு மாசத்துல நம்ம புள்ளை தாலி அறுக்கணும்" என்றார் அப்பா. முப்பத்தொன்றாவது வயதில் அவர் சலித்துப்போனார். எனக்கு அதற்கு முன்பே சலித்துவிட்டது.

"மாப்பிள்ளை இல்லப்பா. நீங்க தங்குறதுக்கு ஒரு வீடு" என்றேன்.

"நான் எதுக்குத் தங்கணும்? பேசிட்டு வந்துருவோம்" என்றார்.

முதல் இல்லம் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞர் வந்து வணக்கம் சொன்னார். அப்பா சோபாவில் உட்கார்ந்து, பழப் பையை மேசைமேல் வைத்து, அவரை நிதானமாகப் பார்த்தார்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"இங்க மேனேஜர்ங்க ஐயா."

"நிரந்தரமா?"

"கான்ட்ராக்ட்டுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் பன்னிரண்டாவது கேள்வியில் இருந்தேன்.

"வயசு?"

"இருபத்தெட்டுங்க ஐயா."

"வயசுப் பொருத்தம் சரியா இருக்கு. புள்ளைய கூட்டிக்கிட்டு வரப்படாது, முறை இல்லதான். கேக்க மாட்டேங்குது."

இளைஞர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க மேடம்" என்று என்னிடம் சொன்னார், நான் ஏதோ கேட்டதைப் போல. அதற்குப் பிறகு எல்லாப் பதிலையும் ஓரடி தள்ளி நின்றே சொன்னார்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்பா எழுந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகாத வீட்டில் டீ குடிக்கலாம், கை நனைக்கக் கூடாது. உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவினால் சம்மதம் என்று பொருள். "ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம் தம்பி" என்று சொல்லிவிட்டு அப்பா ஆப்பிளையும் எடுத்துக்கொண்டார். அந்த இல்லத்துக்கு நூற்றுக்கு எண்பத்தாறு.

அடுத்த ஞாயிறு திருமயம் பக்கம் போனோம். வியாபாரக் குடும்பம் ஒன்றின் பெரிய வீட்டை இல்லமாக மாற்றியிருந்தார்கள். வாசலிலிருந்து பின்கட்டு வரை நூற்றுப் பதினோரு காலடி, நடந்து பார்த்தேன். அப்பா தூண்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திவிட்டார்.

"இது ரொம்பப் பெரிய எடம், ஆத்தா. நம்மளுக்கு ஒத்து வராது. சீரு எறக்க முடியாது."

கண்ணாடி போட்ட மேலாளர் அம்மா எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். மணி அடித்தேன், இரண்டு நிமிடம் பத்து நொடியில் ஆள் வந்தது. தரையில் தண்ணீர் ஊற்றினேன், வழுக்கவில்லை. தொண்ணூற்று நான்கு மதிப்பெண் வரை வந்துவிட்டது. அப்போது அவர், சேரும்போது ஒரு தொகை கட்ட வேண்டும், அது திரும்ப வராது என்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"புள்ளையவும் குடுத்து, பணத்தையும் குடுக்கணும். இல்லையா?"

"ஐயா, அது டெபாசிட்..."

"பேரு என்னவா வேணா இருக்கட்டும். நாங்க வாரோம்."

வாசல்வரை ஓடிப்போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, எங்க அப்பாவும் இதையேதான் கேட்டாரு, என் கல்யாணத்துல" என்றார் அவர். அப்பா காரில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, எனக்காகக் காத்திருந்தார். பதினைந்தாவது வீடும் பதினாறாவது வீடும் போயின.

மூன்றாவது இடத்தை நான் பட்டியலில் சேர்த்ததே எண்ணிக்கைக்காகத்தான். அறந்தாங்கி சாலையில் ஒரு சாதாரண மாடிவீடு. பதினோரு பேர் இருந்தார்கள். நடத்தியவர் ஓய்வு பெற்ற நர்ஸ், அறுபது வயதைத் தாண்டியவர், நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கோட்டைப்பட்டினத்திலிருந்து வண்டியில் வந்த மீனாம். கையைக் கழுவிவிட்டு வருகிறேன், உட்காருங்கள் என்றார்.

அப்பா உட்காரவில்லை. நேரே மீட்டர் பெட்டிக்குப் போனார். மூடி இருந்தது, பூட்டு இருந்தது. வீட்டைச் சுற்றி எர்த் குழியைத் தேடிப் போனார். குழியைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது.

"யாரு தண்ணி ஊத்துறது?"

"நான்தான். வாரத்துக்கு ஒரு நாளு" என்றார் நர்ஸம்மா பின்னாலிருந்து. "ஊத்தலைன்னா ஃப்ரிட்ஜத் தொட்டா சுருக்குன்னு அடிக்குது."

முப்பது வருடத்தில் எந்த வீட்டிலும் அப்பாவின் முகத்தில் நான் பார்க்காத ஒன்றை அன்று பார்த்தேன். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை எங்க, காணோம்?"

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நர்ஸம்மா முந்திக்கொண்டார்.

"வேலைக்குப் போயிருக்காருங்க. சாயங்காலம் ஆகும்."

முப்பத்தோராவது கேள்விக்குப் பூஜ்யம் போட்டேன். மணியும் இல்லை, கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், மணி எதற்கு என்றார். குளியலறையில் தண்ணீர் ஊற்றப் போனபோது, "எம்மா, இப்பத்தான் தொடச்சேன்" என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். கூட்டிப் பார்த்தால் அறுபத்திரண்டு.

நான் கூட்டிக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. தட்டு வைத்தார்கள். மீன் குழம்பு வாசனை வந்தது. அப்பா எழுந்து போய், மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். நான் பேனாவை மூடினேன். பதினாறு வீடுகளில் நனையாத கை.

வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் தலையில் கை வைத்தார்.

"சரி ஆத்தா. நல்ல எடம். நல்லபடியா இரு. நான் கெளம்புறேன்."

செருப்பைப் போட்டார். நர்ஸம்மாவிடம் திரும்பினார்.

"புள்ளை நல்ல புள்ளைதான். எல்லாத்தையும் எழுதி வைக்கும், அதைக் கண்டுக்காதீங்க. கோவம் வந்தா சாப்பிடாது. மூணு தரம் கூப்பிடணும், மூணாந்தரம் வந்துரும். அம்மா இல்லாம வளந்தது."

சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். கேட் வரைக்கும் போய்விட்டார். வெளியே பஸ் ரோடு. நான் ஐம்பது கேள்வித் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு நிலைமை வரும் என்று எந்தக் கேள்வியிலும் யோசித்திருக்கவில்லை. அவரை அங்கே விடப் போனவள் நான். என்னை விட்டுவிட்டு அவர் போகிறார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நர்ஸம்மா குரல் கொடுத்தார்.

"என்ன சம்பந்தி, நல்லாருக்கே. புதுப் பொண்ண தனியா விட்டுட்டுப் போறீங்களே. அது பழக வேணாமா? நாலு நாளு கூட இருங்க."

அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி வீட்ல தங்குனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"எந்த நாலு பேரு? இங்கிட்டு இருக்கிற பதினோரு பேருக்கும் காலையில நடந்தது மத்தியானம் தெரியாது. யாரு பேசப் போறா?"

அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"ஒனக்கு நான் கூட இருக்கணுமா? சொல்லு. இருக்கச் சொன்னா இருக்கேன்."

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இது சம்பந்தி வீடு இல்லை என்று முறைப்படி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"இருங்கப்பா."

"ரெண்டு நாளுதான்" என்று சொல்லி அவர் செருப்பைக் கழற்றினார்.

மாற்றுத் துணி எடுத்துவர நான் அதே காரில் வீட்டுக்குத் திரும்பினேன். நான்கு வேட்டி, ஐந்து சட்டை, மாத்திரைப் பெட்டி, சவரப் பெட்டி, டெஸ்டர். டெஸ்டரை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தேன். கொண்டுவரலாமா என்று நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "வேணாம்மா, இங்க எல்லாரும் ஷாக் அடிச்சவங்கதான்" என்றார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. சனிக்கிழமைகளில் பகல் இரண்டு நாற்பது பஸ்ஸில் போய் ஐந்தேகால் பஸ்ஸில் திரும்புகிறேன். மற்ற நாட்களில் நான் எங்கே என்று அப்பா கேட்டால் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று சொல்கிறார்கள், அது பாதிக்கு மேல் உண்மை. மாப்பிள்ளை ஒரு நாளும் கண்ணில் படவில்லை என்பதில் மட்டும் அவருக்குக் குறை. ஷிப்ட் வேலை என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். மின்வாரியத்தில் இருந்தவருக்கு ஷிப்டைப் பற்றி விளக்கம் தேவைப்படவில்லை.

போன சனிக்கிழமை என்னை மாமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"நல்லா வச்சுக்கிறாங்களா?"

"ம்."

"மீன்ல தலையை யாருக்கு வைக்கிறாங்க?"

"எனக்குத்தாம்ப்பா." அன்று மதியம் மீந்திருந்ததை நர்ஸம்மா உண்மையிலேயே எனக்கு வைத்திருந்தார்.

"அப்ப சரி. பழகிருச்சுன்னா சொல்லு. நான் கெளம்பணும். வீடு பூட்டிக் கெடக்கு."

வீடு பூட்டிக் கிடக்கவில்லை. நான் அதில்தான் இருக்கிறேன். வாசலில் இருந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்தால் இரண்டு டம்ளர் டீ போட்டுவிடுகிறேன், இன்னும்.

"பழகலப்பா" என்றேன்.

அப்பா யோசித்தார். "சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு சமையல்கட்டுப் பக்கம் போனார். எனக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி நர்ஸம்மாவிடம் சொன்னார்.

"புள்ளைக்கு இன்னும் கூச்சம் போகல. நான் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போறேன். ஒங்களுக்குச் செரமம் இல்லையே?"

"இருங்க சம்பந்தி" என்றார் அவர், வெங்காயத் தட்டை அப்பாவிடம் நகர்த்தியபடி. "சும்மா இருக்கப்படாது, இதை உரிங்க."