நான்கு விரல் இலை

1. ஆபீஸ் வாசலில்

விறகு பொறுக்கப் போன அங்கம்மா காணாமல் போய் மூன்றாம் நாள் காலை, அவளுடைய புருஷன் முத்துக்கருப்பன் ஆசாரி என் ஆபீஸ் வாசலில் வந்து நின்று ஓர் இலையை நீட்டினார். தடித்த காட்டிலை. அதை ஒரு பாதத்தின் வடிவில் வெட்டியிருந்தார்கள். இடது பாதம். வெட்டிய ஓரத்தில் பால் இன்னும் காயவில்லை.

நான் விரல்களை எண்ணினேன். எதையும் எண்ணாமல் விடுவது எனக்கு ஆகாது. இந்த வயதிலும் அதற்காக வீட்டில் ஏச்சு வாங்குகிறேன். விரல்கள் நான்குதான் இருந்தன.

அங்கம்மாவின் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. உலையடியில் பழுக்கக் காய்ந்த இரும்பு விழுந்து அந்த விரல் போய்விட்டது. கூலிக் குடும்பங்கள் இருக்கும் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த இலை லயத்திலிருந்து வரவில்லை. காட்டிலிருந்து வந்திருந்தது.

2. கல்லின் வழக்கம்

இப்போது கணக்கப்பிள்ளை வேலைக்கு வரும் இளைஞர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எழுதி வைக்கிறேன். எங்கள் தோட்டம் இலங்கையில், பசறைக்குக் கிழக்கே, லுணுகலையையும் தாண்டி, மலை இறங்கிக் காடு தொடங்கும் எல்லையில் இருந்தது. காபி செத்துத் தேயிலை வந்துகொண்டிருந்த காலம். காலைப் பெரட்டில் கூலிகளை வரிசையில் நிறுத்தி எண்ணுவது என் வேலை. கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் அடித்துக் கொடுப்பது ஆசாரியின் வேலை.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தோட்டத்தின் கடைசி மலைக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு தட்டைக்கல் உண்டு. எப்போதாவது அதன்மேல் தேன், மெழுகு, காய்ந்த மான் இறைச்சி இவற்றில் ஏதாவது இருக்கும். பக்கத்தில் அம்பு அலகின் வடிவில் வெட்டிய இலை, பறக்காமல் இருக்கச் சின்னக் கல் வைத்து அழுத்தியிருக்கும். வேடர்கள் வைத்துப் போவது. இலை எந்த அளவோ அந்த அளவில் இரும்பு வேண்டும் என்று பொருள். ஆசாரி இலையை எடுத்து வந்து அலகு அடித்து, இரண்டையும் கல்லில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி வந்துவிடுவார். மறுநாள் இரண்டும் இருக்காது.

மற்ற வேடர்கள் அப்போதே இந்த வழக்கத்தை விட்டுவிட்டுப் பிபிலைக் கடைகளில் முகம் பார்த்து வியாபாரம் செய்தார்கள். இந்த ஒரு கூட்டம் மட்டும் விடவில்லை. ஆசாரி அவர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை. அவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். அந்த நினைப்பே எனக்கு ஆகாது. கடைசி மலையில் ஆள் எண்ணும்போதெல்லாம் பிடரி குறுகுறுக்கும்.

3. கங்காணியின் துவக்கு

துரை பதுளைக்குப் போயிருந்தார். பெரிய கங்காணி வீரமலைதான் இரண்டு நாளாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு தப்பு அடித்துக் காட்டோரம் தேடினார். விறகுக் கட்டு மட்டும் ஒரு பள்ளத்தின் விளிம்பில் கிடைத்தது. கல்லிலிருந்து வந்த இலையைக் கண்டதும் அவர் வேட்டைத் துவக்கை எடுத்துவிட்டார்.

“கால வெட்டிட்டானுங்களோ என்னமோ. இதுல ஒனக்கு அடையாளம் வேற அனுப்புறானுங்க பாரு!”

“அப்படிச் சொல்லாதீங்க கங்காணியாரே” என்றார் ஆசாரி. “வேணுங்கிறத அவங்க எலையிலதான கேப்பாங்க? தங்கிட்ட இருக்கறதயும் எலையிலதான சொல்லணும். அவ இருக்கா.”

“இருந்தா நல்லதுதான். கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்து ஒருத்தனப் புடிச்சுக் கட்டிப் போடுவோம். ஒம் பொண்டாட்டி தானா வந்து சேருவா.”

“நமக்கு முந்தி இருந்த ஆசாரி மரத்துல ஏறி ஒளிஞ்சு பாத்தாரு. அந்த வருசம் முழுக்க ஒருத்தரும் கல்லுகிட்ட வரல. இப்ப அவங்க வராமப் போனா எனக்குத் தேனா கொறையும்? அவளில்ல வர மாட்டா.”

“பெரிய மாமன் மச்சான் ஒறவுதான் போ! எங்க லயத்து ஆளு, நான் சும்மா இருக்கணுமா?”

“ஒங்க ஆளு பெரட்டுல. கல்லுகிட்ட எம் பொண்டாட்டி. கணக்கப்புள்ளய்யா, நீங்களே சொல்லுங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு வழியும் பிடிக்கவில்லை. ஆனால் துவக்குச் சத்தம் கேட்டால் காடு முழுவதும் காலியாகிவிடும் என்பது மட்டும் தெரிந்தது. “துவக்கு இங்கேயே இருக்கட்டும்” என்றேன். கங்காணி வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, துவக்கை ஆபீஸ் மூலையில் சாத்தினார். சாத்திய சத்தத்திலேயே அவர் கோபம் தெரிந்தது.

4. திரும்பாமல் நின்றது

நாங்கள் மூவரும் கல்லுக்கு இறங்கியபோது நடுப்பகல். பனிமூட்டம் வந்து ஓடையை மூடியிருந்தது. ஆசாரி கடைசியாக அடித்திருந்த அலகுகளைக் கல்லில் வைத்தார். பிறகு ஓர் இலையைப் பறித்து, மடியிலிருந்த பேனாக்கத்தியால் வெட்டத் தொடங்கினார். அளவு பார்க்கவில்லை. கை நிற்கவும் இல்லை. அங்கம்மாவின் வலது பாதம் வந்தது. ஐந்து விரல்.

“இந்தத் தடவ கேக்குறது நானு” என்று சொல்லி, அதை அலகுகளின் மேல் வைத்துக் கல்லால் அழுத்தினார்.

ஏறி வந்து, பாதை வளைகிற இடத்தில், ஓடைக்கு முதுகைக் காட்டி நின்றோம். கங்காணி ஆசாரியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்கா, தான் திரும்பிவிடாமல் இருக்கவா என்று தெரியவில்லை. கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. எங்களுக்கு வெகு பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். எங்கள் மூவரில் ஒருவர் அல்ல. நான் திரும்பாமல் இருப்பதற்காக ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். எங்கேயோ எண்ணிக்கை தவறிவிட்டது. என் வாழ்நாளில் அப்படி ஆனது அந்த ஒரு முறைதான்.

சில்வண்டுகள் மறுபடியும் கத்தின. இறங்கிப் போனோம். அலகுகள் இல்லை. வலது பாத இலை இல்லை. கல்லின்மேல் அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். இடது கணுக்காலில் பச்சிலை வைத்து மரப்பட்டையால் கட்டியிருந்தது.

ஆசாரி அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: “ஒல அணஞ்சு போச்சா?”

5. அவள் சொன்னது

“பள்ளத்துல விழுந்துட்டேங்க. கண்ணு முழிச்சா காலுல கட்டு. பக்கத்துல ஒரு கம்பு. ஊணி எந்திரிச்சேன். பின்னால நடக்குற சத்தம். திரும்புனா வில்லு நுனி கன்னத்துல படும். அடிக்கலீங்க. மொகத்த முன்னுக்குத் தள்ளும், அவ்வளவுதான். அப்படியே நடந்தேன்.”

“எத்தனை பேர்?” என்று கேட்டேன்.

“நல்லாக் கேட்டீங்க! முதுகுல கண்ணா இருக்கு? மூச்சுதான் கேட்டுச்சு. அதுவும் சில நேரம் ஒண்ணு, சில நேரம் ரொம்ப.”

“சோறு தண்ணி?”

“தூங்கி எந்திரிச்சா எலையில இருக்கும். மொத நாளு காஞ்ச எறச்சி. கொமட்டி வாந்தி எடுத்துட்டேன். மறுநாளு எறச்சி இல்ல. ஏதோ புளிப்புக் காயும் தேனும் வச்சிருந்தாங்க.”

அதற்குப் பிறகு அங்கம்மா பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். கூப்பிடுகிறவர்தான் சுற்றி முன்னால் வர வேண்டும். கங்காணி அதைக் கேலி செய்வதுண்டு. ஆனால் கடைசி மலைக்குப் போனால் அவரும் திரும்புவதில்லை என்பதை நான் கவனித்தேன்.

6. சின்ன இலை

அவள் கால் ஆறி, விறகுக்கும் போகத் தொடங்கிய பிறகு ஒரு காலை, ஆசாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். கல்லில் அம்பு இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை. பாதம்தான். என் கட்டைவிரல் நீளம் இருக்கும். ஐந்து விரலும் அரிசி நொய் போல வெட்டப்பட்டிருந்தன. கூடவே ஓர் இலைப்பொதியில் தேன்.

“எந்தப் புள்ளயோ காணாமப் போயிருச்சுய்யா!”

கங்காணி தப்பு அடிக்கச் சொன்னார். எல்லா லயங்களிலிருந்தும் பிள்ளைகளை வெளியே நிறுத்தினோம். தொட்டிலில் கிடந்தவற்றையும் விடாமல் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. மறுபடி எண்ணினேன். தாய்மார்கள் என்னைத் திட்டினார்கள். மூன்றாம் முறையும் சரியாகவே இருந்தது.

அங்கம்மா வந்து அந்த இலையை உள்ளங்கையில் வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாசலிலேயே மெல்ல உட்கார்ந்தாள்.

“எண்ணாதீங்க கணக்கப்புள்ளய்யா. அது இன்னும் வரல.” முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “எனக்கே முந்தாநேத்துதான் நெச்சயமாச்சு. இவருகிட்டகூட இன்னும் சொல்லல.”

கங்காணிதான் முதலில் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

இத்தனை ஆண்டு வேலையில் நான் கற்றது இது. இருக்கிறவர்களை எண்ணத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எங்களையும் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள், என்னைவிட முன்னதாகவே. எண்ணி அவர்கள் எங்களுக்குக் கெடுதல் ஏதும் செய்யவில்லை. அதற்காக எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆசாரி அந்த இலையைத் தேன்மெழுகுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். குழந்தையைப் பார்க்கப் போனபோது அதை எடுத்து நீட்டி, “வச்சுப் பாருங்கய்யா, அளவு சரியா இருக்கான்னு” என்றார். குழந்தையின் பாதம் துணிக்கு வெளியேதான் இருந்தது.

நான் துணியை இழுத்து மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.