ராக்கனுக்குச் சாட்சி சொன்ன சீமை எலி

கட்டுமாவடி அழகி தன் புருசன் ராக்கனுக்கு நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தாள். அவன் கைமாற்றாகக் கொடுத்த அந்தப் பணத்தில்தான் கருவாட்டு வியாபாரம் தொடங்கினாள். திருப்பித் தரும் சமயத்தில் ராக்கனுக்கு நீர்க்கடுப்பு வந்தது. நாளுக்கு இருபது தடவை ஒதுங்கினான். நீரில் ரத்தம் கலந்தது, விதை ஒன்று வீங்கியது.

"நாகப்பட்டினத்துல எவகிட்டயோ வாங்கியாந்த மேகவெட்டை இது. இல்லைனு காட்டுங்க, அப்பறம் தாரேன் காசு" என்றாள் அழகி.

காலணா முதலில்லாமல் இரண்டு வள்ளம் சேர்த்தவன் ராக்கன். கடலே தனக்கு வழிவிடும் என்று பேசுகிறவன். வலியைத் தாங்கினான், இந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. 1938 சித்திரையில் அவளையும் இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினான். டாக்டர் ஆத்மநாதன் தடவிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் வருகிற சயரோகம் சிறுநீரகத்தில் இறங்கியிருக்கலாம் என்றார். விடியற்கால நீரைக் கொண்டுவந்தால், கினிப்பன்றி என்கிற சீமை எலி ஒன்றுக்கு ஊசியில் ஏற்றுவார். ஆறு வாரத்தில் எலிக்குச் சயம் கண்டால் ராக்கனுக்கும் அதுதான்.

மறுவாரம் ராக்கன் கொண்டுவந்த புட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. என்னவென்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டு கை உப்புங்க. வெயில்ல கெட்டுப்போயிரும்ல."

"நான் என்ன கருவாடா போடப்போறேன்? இங்கிட்டே தங்கி, காலையில வெறும் நீரா குடுய்யா."

கொடுத்தான். அதன்பின் வாராவாரம் எலியைப் பார்க்க இருவரும் வந்தார்கள். அது கொழுகொழுவென்று ஓடினால் ராக்கன் முகம் வாடும். அழகி வேண்டுமென்றே அருகம்புல் கிள்ளிப் போடுவாள். ஐந்தாம் வாரம் எலி மெலிந்தது, தொடையில் கட்டி கிளம்பியது. ராக்கன் பஸ்காரர்களிடமெல்லாம் நல்ல சேதி சொன்னான். ஆறாம் வாரம் டாக்டர் எலியை அறுத்துப் பார்த்தார். சயமேதான்.

அழகியைப் பார்த்து மீசையை முறுக்கியவன், டாக்டர் அடுத்துச் சொன்னதைக் கேட்டு அடங்கினான். இதற்கு மருந்து கிடையாது. எக்ஸ்ரேயில் இடது சிறுநீரகம் அரித்துக் கிடந்தது, வலது நன்றாயிருந்தது. கெட்டதை எடுக்காவிட்டால் ஆள் மிஞ்சமாட்டான்.

அழகி ஒரு வள்ளத்தை விற்று அவனை மெட்ராசுக்குக் கொண்டுபோனாள். அறுவை முடிந்த மூன்றாம் வாரம் ராக்கன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தான். ஒற்றைச் சிறுநீரகத்தோடும் கட்டுமாவடியில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் அளந்தான்.

"கையை விரிங்க" என்றாள் அழகி. "எண்ணி முடியிற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, விரித்த கையில் ஒவ்வொரு ரூபாயாக நாற்பதையும் எண்ணி வைத்தாள்.