மருமகளின் நாட்களை எண்ணினேன்

எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏற நூற்றுப் பதினான்கு படிகள். அவற்றில் ஒன்பது உடைந்தவை. காலையில் எனக்கு இரண்டு மாத்திரை, இரவில் மூன்று. முப்பத்தாறு வருடம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன் நான். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடமாகியும் எண்ணுவது நிற்கவில்லை. எண்ணாமல் விட்டால் ஏதாவது தவறிப்போகும் என்று ஒரு பயம். இந்தப் பழக்கத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் போன தை மாதம் வரை நினைத்திருந்தேன்.

என் மகன் ஹற்றனில் த்ரீவீலர் ஓட்டுகிறான். மருமகள் அங்கேயே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அவளுக்கு வயது முப்பத்து நான்கு.

மாலை ஆறு மணிக்குச் சாமி படங்களுக்கு முன் விளக்கு ஏற்றுவது எங்கள் வீட்டில் மருமகளின் வேலை. கடையிலிருந்து வரத் தாமதமானாலும் வந்து கைகால் கழுவி அவள்தான் ஏற்றுவாள். வீட்டுக்குத் தூரமாக இருக்கும் ஐந்து நாட்கள் மட்டும் அந்தப் பக்கம் போகமாட்டாள். அந்த ஐந்து நாளும் என் மனைவி ஏற்றுவாள். ஆகவே வாயால் யாரும் சொல்லாமலே, விளக்கை யார் ஏற்றுகிறார்கள் என்பதை வைத்து வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் மனைவி திரியைத் தூண்டும்போது ஒரு பெருமூச்சு விடுவாள். நான் கலண்டரில், அந்தத் திகதிக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன்.

ஏன் வைத்தேன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் இருபத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பது. போன வருடம் ஆடியில் ஒருமுறை ஐம்பத்தொன்று வந்தது. அந்த முறை நான் நாற்பதாவது நாளிலிருந்து தூங்கவில்லை. ஐம்பத்தொன்றாம் நாள் என் மனைவி விளக்கு ஏற்றினாள். நானும் வழக்கம்போலப் புள்ளி வைத்தேன். சிலருக்கு அப்படித் தள்ளிப்போவதுண்டு என்று எங்கோ படித்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு புள்ளி வைத்தேன். அதற்குப் பிறகு வைக்க வேண்டி வரவில்லை. மருமகள் தினமும் விளக்கு ஏற்றினாள். நாற்பத்தைந்தாம் நாள் என் மனைவியிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். நீங்க வாய மூடிக்கிட்டு இருங்க," என்றாள். "அவளா சொல்றவரைக்கும் கேக்கக்கூடாது. கண்ணு பட்டுரும்."

அன்றிலிருந்து மருமகள் தண்ணீர்க் குடத்தைத் தொடுவதற்குள் இவள் தூக்கிக்கொண்டு ஓடினாள். பப்பாளிப் பழம் வீட்டுக்கு வருவது நின்றது. மருமகள், "என்னத்த, எனக்குக் கையில்லையா?" என்று சிரித்தாள். வெட்கப்படுகிறாள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அறுபதாம் நாளுக்குப் பிறகு என்னால் முடியவில்லை. பட்டிப்பொலவில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும், என் மனைவியோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த பெண்ணிடம் சொன்னேன். இன்னும் மூன்று பேரிடம் சொன்னேன். மொத்தம் ஐந்து பேர். சொன்ன பிறகு பயம் பிடித்தது. முப்பத்து நான்கு வயது, நாள் முழுக்கக் கடையில் நின்றே வேலை, நூற்றுப் பதினான்கு படிகள், அவற்றில் ஒன்பது உடைந்தவை. தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸியின் நம்பர் என்னிடம் இருந்தது. அவருக்கும் போன் போட்டேன்.

மிஸ்ஸி சனிக்கிழமை காலை வந்தார். சிங்களப் பெண், தோட்டங்களில் சுற்றிச் சுற்றியே தமிழ் பழகியவர். மகளுக்கு 'துவ', அக்காவுக்கு 'அக்கே' என்ற சிங்களச் சொற்கள் மட்டும் அவர் வாயை விட்டுப் போகவில்லை. அன்று மருமகளுக்கு லீவு. மிஸ்ஸியின் குடையைப் படியில் பார்த்துவிட்டுப் பக்கத்து லயத்துப் பெண்ணும் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்து நின்றாள்.

"இன்றைக்கு அறுபத்தெட்டு நாள், மிஸ்ஸி," என்று வாசலிலேயே சொன்னேன்.

"இப்புடிக் கணக்கு வச்ச மாமனார் எனக்கு இதுதான் மொதல்," என்று சிரித்துக்கொண்டே மிஸ்ஸி உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். "துவ, கடைசியா வீட்டுக்குத் தூரமான திகதி சொல்லுங்க. கர்ப்பிணி கார்ட் போடணும்."

மருமகள் கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றாள். "யாருக்கு மிஸ்ஸி?"

"ஐயோ, உங்களுக்குத்தான். மாஸ்டர் போன் பண்ணினாரே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அத்தையை, பிறகு கறிவேப்பிலைக்கு வந்தவளை. கோப்பையை மேசையில் வைத்தாள்.

"புதன்கிழம," என்றாள்.

"எந்தப் புதன்?"

"இந்தப் புதன் மிஸ்ஸி. இன்னைக்கு நாலாவது நாள்."

மிஸ்ஸியின் பேனா அப்படியே நின்றது. எனக்கு முதலில் விளங்கவே இல்லை. நாலாவது நாள் என்றால் நேற்று மூன்றாவது நாள். நேற்று தை வெள்ளி. நேற்று மாலை அவள் குளித்து, பூ வைத்து, விளக்கேற்றி, எனக்குத் திருநீறு எடுத்துத் தந்தாள். அந்தத் திருநீறு என் நெற்றியில் இன்னும் இருப்பதுபோல் இருந்தது. தீட்டு என்பதெல்லாம் நம்பத் தேவையில்லாத விஷயம் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். அன்று என் கை தானாக நெற்றிக்குப் போய்த் துடைத்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"நேத்து நீதானே வெளக்கு ஏத்துன?" என் மனைவியின் குரல் மிகச் சின்னதாக இருந்தது.

"ஆமாத்த."

"போன மாசமும்?"

"போன மாசமும்தான்."

"அடி ஆத்தி!" என்றாள் பக்கத்து லயத்துப் பெண்.

என் மனைவி கத்தத் தொடங்கினாள். "சாமிக்கு முன்னால போயி நிக்க ஒனக்கு எப்புடிடி மனசு வந்துச்சு? நாங்க இங்க பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டு இருக்கோம், நீ என்னா காரியம் பண்ணி வச்சிருக்க? இப்புடி இருந்தா வயித்துல எப்புடித் தங்கும்? அதான் ஒன்னும் தங்க மாட்டேங்குது!"

அதுவரை நிமிர்ந்து நின்ற மருமகள் அந்தச் சொல்லைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மிஸ்ஸி எழுந்தார்.

"அக்கே, கறிவேப்பில பெறகு வாங்கலாம், நீங்க போங்க. அம்மா, நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க. துவ, வாங்க உள்ளுக்கு."

அறைக் கதவு இருபத்திரண்டு நிமிடம் சாத்தியிருந்தது. வெளியே வந்த மிஸ்ஸி செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், அடுத்த தடவ போன் பண்ணும்போது மொதல்ல துவகிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் மருமகள் ஒரு பையோடு வந்தாள். "டயகமைக்குப் போறேன் மாமா. அம்மா வீட்டுக்கு."

"எப்ப வருவ, புள்ள?"

அவள் செருப்பை மாட்டினாள். என் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மகனுக்குப் போன் போட்டேன். சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரைக்காரர்களை நல்லதண்ணிக்கு ஏற்றிக்கொண்டு போனவன், லைன் கிடைக்கவில்லை. நான் பையை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் படியேறினேன். அவள் இப்படியே போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்ன சொல்லி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. எண்ணாமல் ஏறினேன்.

சீசன் என்றபடியால் பாதி பஸ் நல்லதண்ணிப் பக்கம் போய்விட்டது. டயகம பஸ் வரவில்லை. தூறலில் பஸ் ஹோல்ட்டுக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"மாமா, கலண்டர்ல இருக்கிற புள்ளியெல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

நான் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"கல்யாணம் முடிஞ்சு ரெண்டாம் மாசமே பாத்துட்டேன். மொதல்ல சிரிப்பு வந்துச்சு. எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு, திகதி மறந்தா வந்து பாத்துக்குவேன்." கொஞ்சம் சிரித்தாள். "பெறகுதான் ஒவ்வொரு மாசமும் வெளக்குப் பக்கம் போகாம நிக்கிறப்போ, பரீட்சையில பெயிலாகி எல்லாருக்கும் முன்னால நிக்கிற மாதிரி ஆயிருச்சு. அத்த மூச்சு விடுவாங்க. நீங்க பென்சிலத் தேடுவீங்க. கார்த்திகையில அத்த போன்ல அவங்க தங்கச்சிகிட்ட, 'இந்த மாசமும் இல்ல'ன்னு சொன்னாங்க. ஸ்பீக்கர்ல. தங்கச்சி, 'சரி விடு, வேற பொண்ணா கெடைக்காது?'ன்னாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன். இனி என் நாள் யாருக்கும் தெரியக் கூடாது. எப்பவும் வெளக்கு ஏத்திருவேன்னு. நீங்க இப்புடி நெனப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல மாமா. சத்தியமா."

"நான்தான் புள்ள, நான் வாய வச்சிக்கிட்டு..."

"போன ஆடியில ஒரு புள்ளி தள்ளி வந்துச்சுல்ல, ஞாபகம் இருக்கா?"

"ஐம்பத்தொன்று," என்றேன். யோசிக்காமலே வாயில் வந்தது.

"அது புள்ள மாமா."

அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். கடையின் பின்னாலிருக்கும் கக்கூசில், காலை பத்து மணிக்கு. மகன் வந்து த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஸ்கேன் பார்த்து, எல்லாம் தானாகவே போய்விட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்று மாலையில் அனுப்பிவிட்டார்கள். நின்று வேலை செய்ததால்தான் கலைந்தது என்று வீட்டில் சொல்வார்கள் என்று பயந்து இருவரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, வழக்கம்போல ஐந்து நாள் ஒதுங்கி இருந்தாள்.

"அன்னைக்கு ராத்திரி நீங்க புள்ளி வச்சத நான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

அந்த எண் ஆறு மாதமாக என் தலையில் இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. என் பேரப்பிள்ளை போன நாளில் பென்சில் முனை உடைந்திருக்கிறது என்று சத்தம் போட்டு, சீவிவந்து வைத்த புள்ளி அது.

பஸ் வந்தது. "அத்தைகிட்ட நீங்களே சொல்லிருங்க மாமா. என்னால ரெண்டாவது தடவ சொல்ல முடியாது," என்று பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாமி படங்களைக் கழற்றி அடுக்கியிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கலண்டரையும் சொன்னேன். தங்கச்சியின் போனையும் சொன்னேன். ஆடி மாதத்தைச் சொன்னபோது அவள் கை நின்றது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விளக்கைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ஒன்னு போச்சு," என்றாள்.

"எப்ப?"

"நீங்க பயிற்சிக் கல்லூரியில இருந்தப்போ. மலையில, கூடையோட. ரெண்டு பேரு தூக்கிவந்து லயத்துல போட்டாங்க. மூனாம் நாள் வேலைப் பெரட்டுக்குப் போயிட்டேன்."

நாங்கள் கல்யாணம் செய்து நாற்பத்தாறு வருடம். அந்த இரண்டு வருடப் பயிற்சிக் காலத்தில் அவளிடமிருந்து எனக்கு வந்த கடிதங்கள் பத்தொன்பது. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

"கடிதத்தில் ஒரு வார்த்தை..." என்றேன்.

"எனக்கு எழுதத் தெரியுமா? பக்கத்து வீட்டுக் கொமரிப் பொண்ணுதானே எழுதிக் குடுத்துச்சு. அதுகிட்டச் சொல்லியா எழுதச் சொல்லுவேன், இத?"

"நான் லீவில் வந்தபோது?"

"நீங்க வந்தப்போ, எத்தன மார்க் எடுத்தேன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

எனக்கு ஒரு பிள்ளை என்று நாற்பது வருடத்துக்கு மேலாக எல்லாப் படிவத்திலும் எழுதி வந்திருக்கிறேன். எந்த மாதம், என்ன ஆனது, எங்கே புதைத்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் எழுந்து கையைக் கழுவிவிட்டாள். சேலையை மாற்றினாள். பாண் ஒன்றும் அவித்த முட்டை நான்கும் பையில் போட்டாள்.

"எங்க போற?"

"டயகமைக்கு. நீங்க வராதீங்க."

"பஸ் இல்லை. மழை வேற. உனக்கு முழங்கால்..."

"சும்மா இருங்க."

அன்று சாயந்தரம் மகன் போன் செய்தான். மருமகள் போனில் சொல்லி, நேராக டயகமைக்குப் போயிருந்தான். "என்னப்பா நடந்துச்சு? அம்மா வந்ததுல இருந்து ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டே இருக்காங்க. என்னைய வெளிய போகச் சொல்லிட்டாங்க." நான் அவனிடம், வெளியிலேயே இரு என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

புதன்கிழமை மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிஸ்ஸி எழுதிக் கொடுத்த துண்டோடு மகனும் மருமகளும் இப்போது ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போகிறார்கள். இருவரையும் சோதிக்க வேண்டுமாம். அதுவும் அடுப்படியில் பேசியது காதில் விழுந்ததுதான். மாலையில் விளக்கு எரிகிறது. யார் ஏற்றினார்கள் என்று பார்க்காமலிருக்க ஆறு மணிக்கு நான் வெளியே போய் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் பக்கத்து லயத்துப் பெண் மறுபடி வந்தாள். மருமகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் இவள் உரக்கப் பேசினாள்.

"என்னாக்கா, மாஸ்டரு அன்னைக்கு அறுபத்தெட்டு நாளுன்னு ஊரெல்லாம் சொன்னாரே. என்னாதான் ஆச்சு?"

என் மனைவி அரிசியைப் புடைத்தபடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்த மனுசனுக்கு எழுவத்தி மூனு வயசாச்சுடி. மாத்திர வேற போடுறாரு. இப்பல்லாம் ஒன்னு ரெண்டே ஒழுங்கா எண்ணத் தெரியல. அவரு பேச்சக் கேட்டுக்கிட்டு நீ ஏன் வேலைய விட்டுட்டு வர்ற?"

வந்தவள் என்னைப் பார்த்தாள். முப்பத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்தவன். "ஆமா, தப்பா எண்ணிட்டேன்," என்றேன்.